கரண்ட் போனால் ஓடும் கம்ப்யூட்டர்

அன்று பன்னிரண்டு மணிக்கு என் வீட்டுக்காரர் கடையிலிருந்து போன் செய்தார். களக்காட்டுப் பக்கம் ஒரு அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு நோட்டீஸ். கமிட்டிக்காரர்கள் கையால் எழுதிக் கொடுத்த பெயர்ப் பட்டியல் வீட்டில் என்னிடம் இருந்தது. நோட்டுத் தாளில் பதினோரு பக்கம், இருநூற்றுப் பன்னிரண்டு தலைக்கட்டு, அதாவது குடும்பத் தலைவர்கள். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துப் பெயர்களை வாசிப்பார், நான் தாளில் பென்சிலால் டிக் போடுவேன். பல வருடமாக நாங்கள் புரூஃப் பார்த்தது இப்படித்தான். போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு, ஒரு கண் அடுப்பிலும் ஒரு கண் தாளிலும் இருப்பேன்.

நூற்று நாற்பத்தொன்றாவது பெயரில் நிறுத்தினார்.

"மீதிய சோறு திங்க வரும்போது பாத்துக்கிடுவோம். பாங்கு சொல்லிட்டாங்க. என்ன ஆணம்?"

"மீன்."

"முள்ளு உள்ளதா, இல்லாததா?"

"முள்ளு இல்லாத மீனு வேணும்னா கடல்ல போயி சொல்லி வையுங்க."

சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார். பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யக் குழாயடியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நாற்பத்தொன்பது வயது.

அவர் பெயர் ஷேக் மைதீன். பாளையங்கோட்டையில், சமாதானபுரம் பஸ் ஸ்டாப் பக்கம் எங்கள் கடை. கல்யாணப் பத்திரிகை, கொடை நோட்டீஸ், காதுகுத்து, கடைத் திறப்பு எல்லாம் அடிப்போம். வீடு மேலப்பாளையத்தில். புருஷன் மவுத்தானால் பெண்பிள்ளை நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் இருக்க வேண்டும். இத்தா என்போம். அந்நிய ஆண்கள் முன்னால் வரக்கூடாது. அவருடைய அண்ணன் காஜா முகைதீனை நான் பெரிய மச்சான் என்று கூப்பிடுவேன். அவர்கூட வாசல் திரைக்கு அந்தப் பக்கம் நின்றுதான் என்னோடு பேசுவார்.

மூன்றாம் நாள் பெரிய மச்சான் ஒரு ஆட்டோவில் வந்து இறங்கினார். தம்பி உட்கார்ந்து வேலை பார்த்த கம்ப்யூட்டர் பெட்டியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

"ஷம்ஸியா, கேக்கியாம்மா? பதினோரு வருசம் அவன் கை பட்ட பொருளு. கடையில கண்டவனும் தொட வேண்டாம். உன் பக்கத்துல இருக்கட்டும்."

திரைக்குக் கீழே பெட்டியை உள்ளே தள்ளிவிட்டார். நான் அதைச் சுவரோரம் வைத்து, ஒரு பச்சைத் துணியைப் போட்டு மூடினேன். அவருக்கு அழுகை வந்திருந்தது குரலில் தெரிந்தது. எனக்கும் அன்றைக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது.

கடையை முத்துராணி பார்த்துக்கொண்டாள். கங்கைகொண்டானிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். ஆறு வருடமாக எங்களிடம் டிசைன் செய்கிறாள். இரண்டு நாள் கழித்து அவளிடமிருந்து முதல் போன் வந்தது.

"யக்கா, ரெண்டு மெஷினும் நிக்கி."

"நிக்குன்னா? அணைஞ்சிட்டா?"

"அணையலை. ஃபோல்டரத் தொட்டா நின்னுருது. மேல ஒரு பச்சைக் கோடு எறும்பு மாதிரி ஊருது. ரெண்டு நிமிசம், மூணு நிமிசம். அப்புறம் என்னமோ பாவம் பாத்துத் திறக்கு. சேமிக்கப் போனா மறுபடியும் ஊருது. ஒரு பத்திரிகை முடிக்கதுக்குள்ள எனக்கு நரைச்சிரும் போலுக்கு."

கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற ரிச்சர்ட் வந்தார். வைரஸ் என்றார். என்னென்னவோ ஏற்றி, இறக்கி, துடைத்தார். அவர் போன அரை மணியில் மறுபடி நின்றது. இரண்டாம் தடவை வந்தபோது, மொத்தத்தையும் அழித்துப் புதிதாகப் போட்டால்தான் ஆகும், அதற்கு மூன்று நாள் கடையைச் சாத்த வேண்டும் என்றார். பெரிய மச்சான் அவரை ஏசி அனுப்பிவிட்டார்.

இதற்கிடையில் வந்த வேலைகள் திரும்பிப் போக ஆரம்பித்தன. களக்காட்டுக் கமிட்டியிலிருந்து மந்திரமூர்த்தி அண்ணாச்சி வந்து அரை மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து, பச்சைக் கோடு ஊர்வதைப் பார்த்துவிட்டு, "என்னட்டி இது, எங்க சாமிகூட இவ்வளவு நேரம் நிக்காது, ஆடிட்டு மலையேறிரும்" என்றாராம். இன்னும் இரண்டு நாளில் வருவேன், ஆகவில்லையென்றால் வேறு பிரஸ்ஸுக்குக் கொண்டுபோகிறேன், வருத்தப்படக் கூடாது என்று சொல்லிப் போயிருக்கிறார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. போன வருட நோட்டீஸில் இரண்டு குடும்பத்தின் பெயர் வரிசை மாறிவிட்டது. மூத்த குடும்பம் பின்னால் போய், இளைய குடும்பம் முன்னால் வந்துவிட்டது. சாமி ஆடுவதற்கு முன்பே ஊர் ஆடிவிட்டது. அதனால்தான் இந்த வருடம் ஒன்றரை மாதம் முன்பே பட்டியலை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் நான்கு நாள் உட்கார்ந்து, கமிட்டிக்காரர்கள் முப்பத்தாறு பேருடைய படங்களோடு அதைச் செய்து வைத்திருந்தார்.

அன்று மாலை பெரிய மச்சான் திரைக்கு வெளியே நின்று சொன்னார்.

"ஒண்ணாந்தேதிக்குக் கடையை ஒருத்தன் கேக்கான்மா. மொபைல் கடை போடப் போறானாம். நான் இன்னும் பதில் சொல்லலை. களக்காட்டு வேலை கையில நின்னா கடை நிக்கட்டும். அதுவும் போய்ட்டுன்னா விட்டுருவோம். நீ உள்ள இருக்க. அந்தப் பிள்ளை ஒத்தையில எம்புட்டுத்தான் மல்லுக்கட்டும்?"

கோபமாகச் சொல்லவில்லை. அதனால் பதில் சொல்வது கஷ்டமாக இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்னிடம் என்ன இருந்தது? கடை போனால், இத்தா முடிந்து நான் வெளியே வரும்போது போவதற்கு ஓர் இடம் இருக்காது. அது ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு முத்துராணி போன் செய்தாள். குரலே வேறு மாதிரி இருந்தது.

"யக்கா, ஒரு கூத்தைக் கேளுங்க. இங்கன கரண்ட் இல்லை. மாசாந்திர வேலையாம், ஒன்பது மணிக்குப் போனது ரெண்டு மணிக்குத்தான் வருமாம்."

"அதுல என்ன கூத்து?"

"மெஷினு குதிரையா ஓடுது."

"கரண்ட் இல்லாமலா?"

"இன்வெர்ட்டர்ல யக்கா. ஃபோல்டரத் தொட்டா படக்குன்னு திறக்கு. ரெண்டு கல்யாணப் பத்திரிகை முடிச்சிட்டேன். ரிச்சர்ட் அண்ணன் சொன்ன வைரசு கரண்ட்டத் தின்னு வாழுத வைரசு போலுக்கு."

நான் சிரித்துவிட்டேன். அவர் போன பிறகு அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். பக்கத்து அறையில் ஓதிக்கொண்டிருந்த என் மாமி ஒரு நொடி நிறுத்தி, பிறகு தொடர்ந்தார்.

சிரிப்பு அடங்கியதும் ஒன்று தோன்றியது. கரண்ட் போகும்போது எல்லாம் போவதில்லை. சிலது போகிறது, சிலது நிற்கிறது.

"முத்துராணி, இப்ப இன்வெர்ட்டர்ல எதெல்லாம் ஓடுது?"

"ரெண்டு மெஷினு, ஒரு ஃபேன், ஒரு லைட்டு."

"ஓடாதது?"

"பெரிய பிரிண்டர், ஜெராக்ஸ், ஷட்டர் பக்கத்து டியூப் லைட்டு… அப்புறம் அந்த வயர்ப் பெட்டி. மின்மினி மாதிரி கண்ணைச் சிமிட்டிட்டே கெடக்குமே, அது."

"கரண்ட் வந்த உடனே போன் போடு. அதுக்கு முன்னால எதையும் தொடாத."

கடையில் மூன்று கம்ப்யூட்டர் இருந்தன. தடுப்புக்குப் பின்னால் அவருடையது. முன்னால் இரண்டு. எல்லா வேலைகளும் அவர் மெஷினில்தான் கிடக்கும். முன்னால் உள்ளவை, மூன்றையும் இணைக்கும் அந்த வயர்ப் பெட்டி வழியாக அதைத் தங்களுடைய சொந்த டிரைவ் போலத் திறந்துகொள்ளும். திரையில் அதற்கு இசட் என்று எழுத்து. கல்யாணமான புதிதில் நானும் இரண்டு வருடம் கடையில் இருந்திருக்கிறேன். பிறகு மெஷின்கள் மாறின, ஏற்பாடு மாறவில்லை.

அவர் பெட்டி கடையில் இல்லை என்பது முத்துராணிக்கும் தெரியும், ரிச்சர்டுக்கும் தெரியும். ஆனால் யாரும் இசட்டைத் தொடவே இல்லை. பெட்டி போன பிறகு வந்த வேலைகளைத் தன் மெஷினிலேயே வைத்து, அந்த ஃபோல்டரைத்தான் அவள் திறந்தாள். அதுவே நின்றதால் கோளாறு அங்கேதான் என்று எல்லோரும் தேடினார்கள்.

இரண்டு மணி ஐந்து நிமிடத்துக்குப் போன் வந்தது.

"வந்துட்டு யக்கா. பச்சைக் கோடு ஊர ஆரம்பிச்சிட்டு. சனியன்."

"மெஷினுக்குப் பின்னால நீல வயர் ஒண்ணு இருக்கும் பாரு. நுனியில கண்ணாடி மாதிரி ஒரு கிளிப். அதை அமுக்கிப் பைய உருவு."

"உருவிட்டேன்."

"இப்ப ஃபோல்டரைத் திற."

"திறந்துட்டு!"

"வயரை மாட்டு. மறுபடி திற."

கிளிக் என்று ஒரு சத்தம். "நின்னுட்டு."

"உருவு."

"திறந்துட்டு. என்ன யக்கா இது, குழாயைத் திறந்து மூடுத மாதிரி இருக்கு!"

"மாட்டு. இப்ப அது திறக்கட்டும், பொறு. திறந்ததும் இடப்பக்கம் டிரைவ் எல்லாம் வரிசையா இருக்கும்லா? கடைசியில என்ன இருக்கு?"

பச்சைக் கோடு ஊர்ந்து முடிகிற வரை இருவரும் காத்திருந்தோம்.

"இசட் இருக்கு. அதுமேல செவப்பா ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கு." பிறகு மெதுவாக, "அது நம்ம அண்ணாச்சி மெஷினுல்லா?" என்றாள்.

எனக்கு எதிரே சுவரோரம் பச்சைத் துணி.

அவள் எந்த ஃபோல்டரைத் திறந்தாலும், கம்ப்யூட்டர் முதலில் தன்னிடம் உள்ள டிரைவ்களையெல்லாம் ஒரு தடவை கூப்பிட்டுப் பார்க்கிறது. மற்றவை பதில் சொல்கின்றன. இசட் பதில் சொல்லவில்லை. வழி திறந்திருக்கிறது, அதனால் இப்போது சொல்லும், இப்போது சொல்லும் என்று நிற்கிறது. கரண்ட் போய் வயர்ப் பெட்டி அணைந்தால் வழியே இல்லை. அப்போது காத்திருக்காமல் வேலையைப் பார்க்கிறது. மூன்று வாரமாகக் கடையில் நடந்தது இவ்வளவுதான். இதை நான் முத்துராணிக்குச் சொன்னபோது என் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"அப்பம் இதை எடுத்துருவோமா யக்கா? ரைட் கிளிக் பண்ணா டிஸ்கனெக்டுன்னு வருது."

"எடுத்தா ஓடும். ஒரு நிமிச வேலை."

"எடுக்கட்டா?"

"பொறு" என்றேன்.

களக்காட்டு நோட்டீஸ் அந்த மெஷினில்தான் கிடந்தது; நினைவாகக் கொண்டுவந்து வைத்த பெட்டியைத் திருப்பிக் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. மறுநாள் காலை மந்திரமூர்த்தி அண்ணாச்சி வருவார். நான்கு நாள் வேலையை ஒரு ராத்திரியில் அவள் மறுபடி செய்ய முடியாது. பொறு என்றதற்கு அதுதான் காரணம். அது மட்டும்தானா என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

சாயங்கால அசர் தொழுகை முடிந்து பெரிய மச்சான் வழக்கம்போல வந்தார். திரைக்கு அந்தப் பக்கம் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.

"மச்சான், ஒண்ணு சொல்லணும். வருத்தப்படக் கூடாது."

"சொல்லும்மா."

"கடை மெஷினு நிக்கதுக்குக் காரணம் தெரிஞ்சிட்டு."

"வைரசுதானே? அந்த ரிச்சர்டு பய கொண்டாந்து விட்டிருப்பான்."

"வைரசு இல்லை. அவங்க மெஷினு இங்கன இருக்கதுதான்." கரண்ட் போனது, வயரை உருவியது எல்லாவற்றையும் சொன்னேன்.

திரைக்குக் கீழே அவர் கால் விரல்கள் மட்டும் தெரிந்தன.

"அப்பம் நான்தான் கெடுத்தேன்."

"நீங்க நல்லதுக்குத்தான் கொண்டு வந்தீங்க."

"பாவம், அந்த ரிச்சர்டை வேற ரெண்டு ஏச்சு ஏசிட்டேனே." பிறகு, "அதை மறுபடி அங்கன கொண்டு வைக்கணுமா? கண்டவனும் தொடுவானே ஷம்ஸியா."

"தொடட்டும் மச்சான். அவங்க இருக்கையிலயும் எல்லாரும்தான் தொட்டாங்க. பிரிண்டர் மை பட்ட கையோட முத்துராணி தொடுவா, அவங்க ஏசுவாங்க, மறுநாளும் தொடுவா."

"நீ இங்கன இருக்க. அது மட்டும் போணுமா?"

"எனக்குத்தான் மச்சான் இத்தா. அதுக்கு என்ன?"

அவர் பெரிதாகச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் வேறு என்னவோ ஆகி, மூக்கைச் சிந்தினார். நான் துணியை எடுத்து, பெட்டியைத் திரைக்குக் கீழே தள்ளினேன். இந்த வீட்டில் அது இருபத்து நான்கு நாள் இருந்தது. அவர் யாரிடமும் கொடுக்கவில்லை. ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு தானே போனார். ஏறுவதற்கு முன் வாசலில் நின்று உரக்கச் சொன்னார்:

"நாளைக்கு இது ஓடிச்சுன்னா அந்த மொபைல் கடைக்காரன்கிட்ட இல்லைன்னு சொல்லிருதேன். இத்தா முடியட்டும், நீயே போயி அங்கன உக்காரு."

அப்படியே ஆயிற்று. ஆகஸ்டிலிருந்து நான் கடையில்தான் இருக்கிறேன். ரிச்சர்ட் எல்லா வேலைகளையும் முத்துராணி மெஷினிலும் ஒரு பிரதி போட்டுக் கொடுத்தார். இனி அந்தப் பழைய மெஷின் என்றைக்காவது நின்றாலும் கடை நிற்காது. பக்கத்துத் தெருவில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் இதே போல நின்றபோது, நானே போனில், நீல வயரை உருவிப் பாருங்கள், ஓடினால் உங்கள் மெஷினில் கோளாறு இல்லை, அது யாரையோ கூப்பிட்டுக்கொண்டு நிற்கிறது என்று சொன்னேன். ஆபீசை மாற்றும்போது பழைய மெஷினை எடைக்குப் போட்டிருந்தார்களாம்.

அந்த மறுநாள் காலையைச் சொல்லி முடிக்க வேண்டும்.

ஒன்பதரை மணிக்கு ரிச்சர்ட் பெட்டியைப் பழைய இடத்தில் வைத்து வயரெல்லாம் மாட்டினார். முத்துராணி போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். பெரிய மச்சான் ரிச்சர்டுக்கு டீ சொல்வது கேட்டது. மந்திரமூர்த்தி அண்ணாச்சியும் வந்துவிட்டிருந்தார்.

எனக்கு ஒரு பயம் இருந்தது. என் வீட்டுக்காரர் தொழப் போனபோது மெஷினை அணைத்துவிட்டுப் போகவில்லை. மூன்றாம் நாள் பெரிய மச்சான் ஓடுகிற மெஷினின் வயரைப் பிடுங்கித்தான் கொண்டுவந்தார். அன்று செய்ததை அவர் சேமித்திருந்தாரா?

"யக்கா, பெருக்கல் குறி போய்ட்டு" என்றாள் முத்துராணி. "இசட் திறந்துட்டு. பச்சைக் கோடே வரலை."

"களக்காடு இருக்கா?"

"இருக்கு. கடைசியாச் சேமிச்ச நேரம் போட்டிருக்கு." அவள் தேதியைச் சொல்லவில்லை. "பன்னிரண்டு முப்பத்திரண்டு" என்று மட்டும் சொன்னாள்.

பாங்கு பன்னிரண்டரைக்கு. எழும்பும் முன் சேமித்துவிட்டுத்தான் எழும்பியிருக்கிறார்.

"ஏம்மா, பேரெல்லாம் வரிசையா இருக்கான்னு பாரு" என்றார் மந்திரமூர்த்தி அண்ணாச்சி. "போன வருசம் மண்டை உடைஞ்சது எனக்கு."

"பாதிக்கு மேல பாத்தாச்சு அண்ணாச்சி" என்றேன் போனில். "மீதி பாக்கணும். லிஸ்ட் எங்கிட்டதான் இருக்கு."

அலமாரியிலிருந்து நோட்டுத் தாள்களை எடுத்தேன். எட்டாவது பக்கத்தில் பென்சில் டிக் நின்றிருந்தது. போனை அரிசி டப்பாவில் சாய்த்தேன்.

"நூத்தி நாப்பத்திரண்டுல இருந்து வாசி."

முத்துராணி தொண்டையைச் செருமினாள். "மா. பெருமாள்ராஜ்."

தாளிலும் அவர்தான்.